எந்தத் தெருவில் திருட்டு குறைவு

எண்பதுகளில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஓடிய பாசஞ்சர் வண்டியில் ஒரு சண்டை ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. எந்த ஊரில் திருட்டு அதிகம் என்கிற சண்டை. ஆட்கள் மாறுவார்கள், சண்டை மாறாது. மயிலத்தில் ஏறுகிறவர்கூட விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வார்.

"விழுப்புரம் ஸ்டேஷன்ல கால வெச்சதும் கைய கழுத்துல வெச்சிக்கணும். இல்லன்னா செயினு வேற கழுத்துக்குப் போயிடும்" என்பார் திண்டிவனத்துக்காரர்.

"எங்க ஊரு ஜங்ஷன்யா. நாலு பக்கத்துல இருந்தும் வர்றான். எடுக்குறவனும் வெளியூரு, பறிகொடுக்குறவனும் வெளியூரு. உங்க ஊர்ல பஸ்ஸு டீ குடிக்க நிக்கிற நேரத்துல மேல கட்டுன மூட்டைய எறக்கிடுறானே, அவன் உள்ளூரு தானே?"

நான் இந்தச் சண்டையில் வாய் திறந்ததில்லை. இரண்டு ஊரும் எனக்குச் சோறு போட்டன. வாரத்தில் மூன்று நாள் திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு எதிரே, மூன்று நாள் விழுப்புரம் ரயிலடியில். சாக்கை விரித்து, தகரப் பெட்டியைத் திறந்து வைத்தால் அதுதான் கடை. மத்தியானத்துக்கு மேல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போவேன். பூட்டு ரிப்பேர், சாவி வெட்டுவது.

ஏழாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ஓட்டலில் தண்ணீர் இறைத்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், காணைப் பக்கம் கரும்பு வெட்டினேன். எதிலும் ஒரு வருஷம் தாண்டவில்லை. வேலூரில் ஒரு பூட்டுப் பட்டறையில் எட்டு மாதம் இருந்தேன். அங்கே கற்ற வேலைதான் கூட வந்தது, தூக்கிக்கொண்டு அலையக்கூடிய வேலை என்பதால்.

அந்தத் தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வெட்டிய சாவியில் ஒன்றைக்கூட நம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. வெட்டும்போது பல் தப்பிப் பாழாய்ப்போன சாவியைக்கூட அரத்தால் மொத்தமாக அராவிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். எங்கே களவு போனாலும் போலீஸ் முதலில் கவிழ்த்துப் பார்ப்பது பூட்டு ரிப்பேர்காரனின் பெட்டியைத்தான். என் பெட்டியை இரண்டு ஊரிலுமாக நான்கைந்து முறை கவிழ்த்திருக்கிறார்கள். பல் வெட்டாத வெறும் சாவிகள் தவிர ஒன்றும் விழுந்ததில்லை. கொட்டியதை நானே பொறுக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

அக்கா ஒலக்கூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தாள். அவளைக் கட்டியவன் பம்பாய்க்கு வேலைக்குப் போனான். முதல் வருஷம் இரண்டு கடிதம் வந்தது, அப்புறம் இல்லை. அப்பா அம்மாவும் இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான். நான் இருந்த லட்சணத்தில் அவளுக்கு உண்மையான துணை தையல் மிஷின்தான். முதல் மிஷின், மல்லாட்டைக் கடலை பிடுங்கும் சமயத்தில் ஊரே கொல்லைக்காட்டில் இருந்தபோது களவு போனது. இரண்டு வருஷம் கூலி வேலைக்குப் போய், கம்மலையும் விற்று, பழைய மிஷின் ஒன்றை வாங்கினாள். வாங்கிய அன்று அதன் நெற்றியில் குங்குமம் வைத்தாள். மிஷினுக்கு நெற்றி எது என்று நான் கேட்டேன். ஊசிக்கு மேலே இருக்கும் தட்டைத் தொட்டுக் காட்டினாள்.

ஒரு நாள் பதினொரு மணி வெயிலில் திண்டிவனத்தில் என் சாக்குக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். தூக்கில் கேப்பை அடை கொண்டுவந்திருந்தாள். நான் தின்று முடித்ததும் சொன்னாள்.

"டேய், ஊர்ல தச்சா அறுப்புக்கு அறுப்புதான் கூலி. டவுனுக்கு வந்துடலாம்னு பாக்குறேன்."

"வாயேன்."

"எந்த டவுனுக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒனக்கு ஒண்ணுதான். நீ பெட்டியத் தலைக்கு வெச்சிக்கினு எங்கியும் படுத்துடுவ. எனக்கு மிஷின் இருக்குதே." தூக்கின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "நீ தெருத் தெருவா போறவன். ரெண்டு ஊருலயும் எங்க திருட்டு கம்மின்னு பாத்துச் சொல்லு. தண்ணி, கக்கூஸு எதுவும் கேக்கல. இதுவும் போச்சுன்னா இன்னொண்ணு வாங்க எனக்குத் தெம்பு இல்லடா."

கம்மல் இல்லாத காது ஓட்டையில் துடைப்பக் குச்சி செருகியிருந்தாள். அது தூர்ந்துபோகாமல் இருக்க.

என்னிடம் அதுவரை யாரும் எதையும் பொறுப்பாகக் கேட்டதில்லை. மறுநாளே ஆரம்பித்தேன். பெட்டி மூடியின் உட்பக்கத்தில் ஆணியால் நடுவே ஒரு கோடு இழுத்தேன். இடது பக்கம் திண்டிவனம், வலது பக்கம் விழுப்புரம். பூட்டோடு வருகிறவர்களிடம், "சாவி தொலஞ்சுதா, யாராவது ஒடச்சாங்களா?" என்று கேட்பேன். உடைத்தார்கள் என்றால் எந்தத் தெரு, என்ன போச்சு என்று விசாரித்து, மூடியில் ஒரு கீறல். தெருப்பெயர் எழுத இடம் போதாது, எழுத்தும் எனக்குச் சுமார்தான். ஆகவே கீறலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படம். வாதாமரம் நிற்கிற தெருவுக்கு மரம். மாதாகோயில் தெருவுக்குச் சிலுவை. தண்டவாளத்துக்குப் பின்னால் இருந்த தெருவுக்கு ரயில்வே கேட்.

ஆடியில் தொடங்கிய கீறல் தைக்கு மூடி நிறைந்துவிட்டது. விழுப்புரம் பக்கத்தில்தான் கூட்டம். ரயிலடி டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாயா மூடியில கோலம்?"

விஷயத்தைச் சொன்னேன். உங்கள் ஊர் தோற்றுவிட்டது என்றேன்.

"எப்படித் தோக்கும்? நான் ஒரு நாளைக்கு எத்தினி கிளாஸ் கழுவுறேன், திண்டிவனத்துல டீ ஆத்துறவன் எத்தினி கழுவுறான்? ஜாஸ்தி கழுவுனா ஜாஸ்திதான் ஒடையும். ஒடஞ்ச கிளாஸ மட்டும் எண்ணி என்னக் கை நடுங்குற பயலுன்னு சொல்வியா?"

அவர் சொன்னதை இரண்டு நாள் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஊரை ஊரோடு வைத்துப் பார்ப்பது சரியில்லை. பெரிய ஊரில் பூட்டும் அதிகம், உடைவதும் அதிகம். அக்கா ஊர் முழுக்கவா குடியிருக்கப் போகிறாள்? ஒரு தெருவில்தானே. அதனால் தெருவைத் தெருவோடு வைத்துப் பார்த்தேன். விழுப்புரத்துக் கீறல்களில் பாதிக்குமேல் ரயில்வே கேட் படம்தான். திண்டிவனத்தில் வாதாமரத் தெருவுக்கு மரம் வரைந்து வைத்ததோடு சரி, பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

அது உத்தியோகக்காரர்கள் தெரு. இரும்புக் கிராதி போட்ட வீடுகள். அந்த வாரமே காவல் நிலையத்தில் ஒரு பீரோவின் சாவி தொலைந்துபோய் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போலீஸ் பீரோவைத் திறப்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். ஏட்டு பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் வாதாமரத் தெருவைக் கேட்டேன்.

"அங்கயா? நான் வந்து நாலு வருஷம் ஆகுது. ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்ததில்ல. இன்னாடா, அங்க கை வெக்கலாம்னு பாக்குறியா?"

"எங்கக்காவுக்கு வீடு பாக்குறேங்க."

"நல்ல எடம். கம்முனு இருக்கும்."

என் மூடியும் போலீஸும் ஒரே பதில் சொன்ன பிறகு வேறு என்ன வேண்டும்? அந்தத் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் ஓர் அறை கிடைத்தது. பக்கவாட்டுச் சந்து வழியாகத் தனி வாசல். மிஷினை பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்தோம். இறக்கும்போது கயிறு என் கையில் வழுக்கி, மிஷின் உட்கார்ந்திருக்கும் பலகையின் மூலை தரையில் இடித்து, பிறை போல ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. அக்கா என்னைத் திட்டவில்லை. சில்லைத் தேடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கதவுக்கு என்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த பூட்டைப் போட்டேன். ஏழு லீவர், பித்தளை. ஒரு விழுப்புரத்துக் கடைக்காரருக்குச் செய்த வேலைக்குக் கூலியாகக் கிடைத்தது, விற்காமல் வைத்திருந்தேன். சாவி இரண்டு. இரண்டையும் அவளிடமே கொடுத்தேன். ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

"வெச்சிக்கோ. வந்தா வெளிய நிக்க வேணாம்."

"நாங்க வெச்சிக்கக் கூடாதுக்கா. தொழிலு அப்படி."

"நான் என்ன ஊராளா?"

"வேணாம். நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா ஒனக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு."

அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் நான் வாங்கவில்லை. பிறகு அங்கே போகும்போதெல்லாம், அவள் வெளியே போயிருந்தால் சந்து வாசலில் குந்தியிருப்பேன். ஒரு முறை எதிர் வீட்டு அம்மா கிராதிக்கு உள்ளே நின்றபடியே, "யாருப்பா, இன்னா வேணும்?" என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அக்காவின் தம்பி என்றேன். மூன்றாவது தரத்துக்குப் பிறகும் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

வேலை வந்தது. ஒரு ஜவுளிக்கடை பாவாடை தைக்கக் கொடுத்தது. அக்கா தைத்து அடுக்கி மத்தியானத்தில் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஆனால் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

"இங்க யாரும் பேச மாட்டேங்குறாங்கடா. மிஷின் சத்தம் மட்டும்தான். அது நின்னா காது அடச்ச மாதிரி இருக்குது."

"பேச்சா முக்கியம்? மிஷின் பத்திரமா இருக்குதுல்ல."

"இருக்குது" என்றாள்.

சித்திரை மாதம். நான் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சைக்கிள் பூட்டை நோண்டிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து நின்றாள். செருப்பில்லை. வெயிலில் தார் ரோட்டில் அப்படியே நின்றாள்.

"போயிடுச்சு" என்றாள்.

ஓடினோம். கதவு திறந்து கிடந்தது. என் ஏழு லீவர் பூட்டுக்கு ஒரு கீறல் இல்லை. பூட்டியபடியே, கொண்டியோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பழைய நிலைக்கட்டையிலிருந்து கொண்டியின் திருகாணிகளை நெம்பி எடுத்திருந்தார்கள். பூட்டைப் பார்த்தேனே தவிர மரத்தைப் பார்க்கவில்லை. உள்ளே மிஷின் இருந்த இடத்தில் எண்ணெய்ச் சொட்டு விழுந்த வட்டமும், நூல் துணுக்குகளும் இருந்தன.

எதிர் வீட்டு அம்மா இந்த முறை கிராதியைத் திறந்து வெளியே வந்தார்.

"ரெண்டு பேரு தள்ளுவண்டியில வெச்சிக்கினு போனாங்க. ரிப்பேருக்குப் போவுதுன்னு நெனச்சேன்மா. நல்ல வெளிச்சத்துல, நிதானமாத்தான் கட்டுனாங்க."

"ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாங்க?" என்றேன்.

"நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்." பிறகு அக்காவின் பக்கமாக வந்து குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்ல கூட மாசிலதான் அண்டாவும் குத்துவிளக்கும் போச்சு. மூணாவது வீட்ல சைக்கிளு. கோடி வீட்ல ரேடியோ. யாரும் வெளிய சொல்லிக்கல. பொண்ண பாக்க வர்ற நேரம், திருட்டுப்போன வீடுன்னு பேரு வந்தா நல்லா இருக்காதுல்ல. அவரு ஆபீசுலயும் சிரிப்பாங்க."

"பூட்ட ஒடச்சாங்களா?" என்று நான் கேட்டேன்.

"ஆமா. கடையில புதுசா வாங்கி மாட்டிட்டோம்."

அங்கேயே சந்தில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வீடுகளில் பூட்டு உடைந்தால் என்னைப்போல் சாக்கு விரித்தவனிடம் வரமாட்டார்கள், கடையில் புதிது வாங்குவார்கள். போலீசுக்கும் போகமாட்டார்கள். நானும் ஏட்டும் எண்ணியது எங்களிடம் வந்து சொன்னவர்களை மட்டும்தான். கீறல் இல்லாத இடத்தை நான் திருட்டு இல்லாத இடம் என்று படித்துவிட்டேன். அக்கா நம்பிக் கேட்ட ஒரே காரியம்.

காவல் நிலையத்தில் ஏட்டு எழுதிக்கொண்டார். அந்தத் தெருவிலிருந்து வரும் முதல் புகார் என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சாவி எத்தினி?"

"ரெண்டுங்க."

"ஒண்ணு ஒங்கிட்டயா?"

நான் பேசுமுன் அக்கா பேசினாள். "ரெண்டும் எங்கிட்ட இருக்குதுங்க. குடுத்தாலும் வாங்க மாட்டான். எந்தம்பி அப்படி." இடுப்பிலிருந்து இரண்டு சாவியையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். என் பெட்டியை அன்றைக்கும் கவிழ்த்தார்கள். நானும் அவளும் குனிந்து பொறுக்கினோம். மூடியில் இருந்த படங்களை அவள் அப்போதுதான் பார்த்தாள். வாதாமரத்தின்மேல் விரலை வைத்தாள். சுரண்டிவிடுவாள் என்று நினைத்தேன். "மரம் நல்லா போட்டிருக்கடா" என்றாள்.

ஜவுளிக்கடைக்காரருக்குத் தெரிந்த ஓர் அம்மா விழுப்புரத்தில் பாவாடை தைத்து மொத்தமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் மூன்று மிஷின், மிதிக்க ஆள் தேவை. தெரு எது என்று விசாரித்தால், ரயில்வே கேட் படம் போட்ட தெரு.

"அங்க வேணாம்க்கா. மூடிய பாத்த இல்ல?"

"எனக்கென்னடா இப்ப? எடுக்குறதுக்கு எங்கிட்ட இன்னா இருக்குது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் பெட்டியைக் கட்டினேன்.

அந்தத் தெருவில் வீடுகள் ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்திருந்தன. ரயில் போனால் பாத்திரங்கள் ஆடும். தண்டவாள வேலைக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், பழைய இரும்பு வாங்குகிறவர்கள், ஜெயிலுக்குப் போய் வந்தவர்களும் இரண்டு பேர். வீட்டுக்காரம்மா அக்காவுக்குத் தன் வீட்டை ஒட்டிய அறையைக் கொடுத்தார். முதல் நாள் நான் வந்தபோது அக்கா தண்ணீருக்குப் போயிருந்தாள். வாசலில் குந்தினேன். எதிர் வீட்டிலிருந்து ஒரு கிழவர், "பூட்டுக்காரன் பூட்டுன வூட்டு முன்னால குந்தினுகிறான் பாரு" என்று தெரு முழுக்கக் கேட்கச் சொன்னார். பத்துப் பேர் சிரித்தார்கள். யாரோ ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார்கள்.

நான்காவது நாள் காலையில் அந்தத் தெருவின் வழக்கத்தைப் பார்த்தேன். ஒரு பெண்ணின் பித்தளைக் குடம் காணவில்லை. அவள் குழாயடிக்கு வந்து, குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை அள்ளினாள். வலது கையை உயர்த்தி, தெரு முழுக்கக் கேட்கும்படி குடத்தின் அங்க அடையாளம் சொன்னாள். கழுத்தில் நசுங்கல், அடியில் ஈயம். "உச்சி வெயிலு வரைக்கும் கையில வெச்சிருப்பேன். அதுக்கு மேல தூத்திடுவேன். அப்புறம் என்னைச் சொல்லாதீங்க." அவ்வளவுதான். தூற்றிய மண் எடுத்தவன் குடும்பத்தின் தலையில் விழும் என்பது அங்கே நம்பிக்கை. மண்ணை மூடிய கையோடு நிழலில் உட்கார்ந்துகொண்டாள். மற்றப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து அவளுக்கு டீ புகட்டினார்கள். பதினொன்றரைக்குக் குடம் வேலிக்குப் பின்னால் கிடப்பதாக ஒரு குழந்தை வந்து சொன்னது. யார் எடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. அவள் மண்ணைக் கீழே கொட்டிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள்.

"தூத்துனதே இல்லியா?" என்று வீட்டுக்காரம்மாவைக் கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சு ரெண்டு தபா. வெளியூர்க்காரன் எடுத்தது. அவனுக்கு எங்க கேக்கப் போவுது."

அந்தத் தெருக்காரர்கள் பூட்டு உடைந்தால் வெளியே வந்து சொன்னார்கள். ரிப்பேருக்கு என்னிடம் வந்தார்கள். போன பொருள் திரும்பி வந்த பிறகும் பூட்டு மட்டும் உடைந்தே கிடந்தது. என் மூடியில் ரயில்வே கேட் படம் அத்தனை முறை விழுந்தது அதனால்தான். எத்தனை போனது என்று கேட்டு எழுதிய நான், எத்தனை திரும்பியது என்று ஒருவரையும் கேட்டதில்லை.

வீட்டுக்காரம்மாவுக்கு அக்காவின் கதை தெரிந்தது. மறுநாள் காலையில் அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு வந்தார். நானும் பெட்டியோடு பின்னால் போனேன்.

"அள்ளும்மா. சொல்லு."

"அது திண்டிவனத்துல போனதுக்கா. இங்க சொன்னா யாருக்குக் கேக்கும்?"

"இங்க இருக்குறவன்லாம் இங்கியேவா இருக்கான்? ஒருத்தன் இரும்புக்கு வானூரு வரைக்கும் போறான், ஒருத்தன் பேப்பருக்கு பாண்டி போறான். சொல்லு. கம்முனு இருந்தா யாருக்கு என்னா தெரியும்?"

அக்கா மண்ணை அள்ளினாள். கையை உயர்த்தினாள். மிஷின் போன நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. அடையாளம் சொல்லத் தொடங்கியதும் குரல் உடைந்தது. பழைய மிஷின். கறுப்பு. பொன்னிறப் பூ பாதி அழிஞ்சிருக்கும். ஊசிக்கு மேல தட்டுல குங்குமம் ஊறியிருக்கும். "பலகையில வலது மூலையில ஒரு சில்லு போயிருக்கும். எந்தம்பி பஸ்ல இருந்து எறக்கும்போது…" முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லை எடுத்துக் காட்டினாள். பிறை போன்ற அந்த மரத்துண்டு கை மாறிக் கை மாறித் தெரு முழுக்கப் போய்வந்தது.

உச்சி வெயில் வந்தது. எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள்.

"தூத்து" என்றார் வீட்டுக்காரம்மா.

அக்கா கையைப் பார்த்தாள். "எடுத்தவன் வூட்லயும் புள்ளைங்க இருக்கும்" என்றாள்.

"இருக்கட்டுமே. அதுக்குத்தானே தூத்துறது."

"வேணாங்க்கா. இன்னும் கொஞ்ச நாள் வெச்சிருக்கேன்."

மண்ணைச் சில்லோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள். உச்சி தாண்டிய மண்ணை இப்படி யாரும் முடிந்துவைத்ததில்லை என்று வீட்டுக்காரம்மா முணுமுணுத்தார். புடவை மாற்றும்போது முடிச்சையும் மாற்றிக் கட்டினாள். அந்த இடமெல்லாம் செம்மண் கறை. மிஷின் மிதிக்கும்போதும் மடியில் அந்தக் கனம் இருந்தது.

அந்தத் தெருவில் சைக்கிளில் போய்ப் பழைய இரும்பு வாங்குகிற ஒருவர் இருந்தார். ஜெயிலுக்குப் போய் வந்த இருவரில் அவர் ஒருவர். மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் சைக்கிள் பின்னால் சாக்கு மூட்டையோடு வந்து, தையல் வீட்டு வாசலில் இறக்கினார். நான் அப்போது வீட்டுக்காரம்மாவின் பீரோவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

"கால் இல்லம்மா. இரும்ப எடைக்குப் போட்டுட்டான். தலையும் பலகையும்தான்."

வானூர்ப் பக்கம் மிஷின் பழுதுபார்க்கும் ஒரு கடையில் பார்த்தாராம். மூலையில் சில்லு போயிருந்ததைக் கண்டதும் நின்றுவிட்டாராம். கடைக்காரன் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. யாரோ கொண்டுவந்து விற்றது, தனக்கு எதுவும் தெரியாது என்றான்.

"நான் சண்டை போடலம்மா. இதுக்காக ஒரு பொம்பள மண்ண மடியில கட்டிக்கினு இருக்குறா, உச்சி தாண்டியும் தூத்தல, ஒன் வூட்ல புள்ளைங்க இருக்கும்னு தூத்தலன்னேன். உள்ள போனான். தொட்டில்ல ஒரு குழந்த. வெளிய வந்து, எடுத்துக்கினு ஜல்தியா கெளம்புன்னான். சாக்கும் அவனே குடுத்தான்."

அக்கா முடிச்சை அவிழ்த்தாள். சில்லை எடுத்துப் பலகை மூலையில் வைத்தாள். பொருந்தியது. பிறகு வாசலுக்குப் போய் மண்ணை மெதுவாகத் தரையில் விட்டு, காலால் பரப்பி, உள்ளே வந்தாள். இரும்புக்காரருக்குச் சோறு போட்டாள். அவர் குனிந்த தலை நிமிராமல் தின்றார். "குழம்புல உப்பு கம்மி" என்று மட்டும் சொன்னார்.

காலுக்குப் பதில் கையால் சுற்றும் சக்கரம் ஒன்று மாட்டிக் கொடுத்தேன். சில்லை வஜ்ஜிரம் வைத்து ஒட்டினேன். அவள் அறையில், ஜன்னல் ஓரத்தில் மிஷினை வைத்தாள். ஒரு ரயில் போனது. மிஷின் கொஞ்சம் ஆடி நின்றது.

எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. ஆந்திரப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று இருந்தது. போகிறேன் என்று சொன்னதும் அவள் ஆச்சரியப்படவில்லை.

"போறதுக்கு முன்னால கதவுக்குப் பூட்டு போட்டுட்டுப் போ."

பித்தளைப் பூட்டையே போட்டேன். இந்த முறை நிலைக்கட்டையைத் தட்டிப் பார்த்து, கொண்டியை நீளத் திருகாணியால் முடுக்கினேன். இரண்டு சாவியையும் அவளிடம் கொடுத்தேன். ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்னொன்றைத் தெருவைக் கடந்துபோய், என்னைப் பார்த்துச் சிரித்த எதிர் வீட்டுக் கிழவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"யம்மா, எங்கிட்டயா குடுக்குற? என்ன பத்தித் தெரியுமா ஒனக்கு?" என்று அவர் தெரு முழுக்கக் கேட்கச் சொன்னது எனக்கும் கேட்டது.

அக்கா வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு வெட்டு."

"யாருக்கு?"

"வெட்டேன்."

பெட்டியைத் திறந்தேன். வெறும் சாவி ஒன்றை எடுத்து, அவளுடைய சாவியோடு சேர்த்துப் பிடித்து அராவினேன். எத்தனையோ வீட்டுக்கு வெட்டிய கைதான். ஆனாலும் இரண்டாவது பல்லில் அரம் வழுக்கியது. மறுபடி வேறொன்றை எடுத்து வெட்டினேன். பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்தேன், திறந்தது. அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"போலீசு கவுத்துப் பாத்தா?" என்றேன்.

"எங்கக்கா வூட்டுச் சாவின்னு சொல்லு."

பாழாய்ப்போன முதல் சாவியின் பல்லை அராவிவிட்டுப் பெட்டியில் போட்டேன். நல்லதை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். குண்டூரில் ஒரு முறை, ஓங்கோலில் ஒரு முறை போலீஸ் அதைப் பிடித்துக் கேட்டது. அவள் சொன்னதையே சொன்னேன்.